ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் பெட்ரோல் ஃபில்டர் கசிவு: கார்க் வளையத்திலிருந்து விட்டான் (Viton) ரப்பர் வளையம் வரை

டேங்கை வாய்வரை நிரப்பி இரவு முழுவதும் நிறுத்தி வைத்த பிறகும், பம்புக்கு அடியில் விரித்த செய்தித்தாள் காலையில் காய்ந்தே இருக்கிறது. பல மாதங்களாக விடாமல் தொல்லை கொடுத்த கசிவு ஒருவழியாக நின்றுவிட்டதால், செய்த வேலைகளை நினைவு மங்குவதற்குள் வரிசையாக எழுதி வைக்கிறேன். இதே வகைப் பம்ப் பொருத்திய பழைய வண்டிகளை வைத்திருப்பவர்களுக்கு, குறிப்பாக இப்போதைய இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலில் அவற்றை ஓட்டுபவர்களுக்கு, இது நேரத்தையும் கொஞ்சம் பணத்தையும் மிச்சப்படுத்தும் என்று நம்புகிறேன்.

வண்டி 1967-ஆம் ஆண்டு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டை அடியொற்றி, சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆலையில் 1961 முதல் செய்யப்பட்ட வண்டி இது. 948 சி.சி. எஞ்சின், ஒற்றை சோலெக்ஸ் கார்புரேட்டர். பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாய்ந்து திறப்பதால், முன் டயரின் மேலேயே உட்கார்ந்து எஞ்சினின் எந்தப் பக்கத்தையும் தொட முடியும். இந்த வேலையில் அது பெரிய வசதி.

பெட்ரோல் பம்ப் எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில், கேம் ஷாஃப்ட்டால் இயங்கும்படி பொருத்தப்பட்டிருக்கிறது. என் வண்டியில் இருப்பது தலைமேல் ஒரு சிறு கண்ணாடிக் கிண்ணம் கவிழ்த்து வைக்கப்பட்ட வகை. கிண்ணத்துக்கு அடியில் பித்தளை வலையாலான ஒரு ஃபில்டரும், விளிம்புக்கு அடியில் ஒரு கார்க் வளையமும் உண்டு. மேலே ஒரு கம்பிப் பிடி கிண்ணத்தைச் சுற்றி வந்து, விரலால் திருகும் ஒரு நட்டின் மூலம் அதை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. டேங்கிலிருந்து வரும் பெட்ரோல் முதலில் பம்பின் வார்ப்பில் உள்ள சிறு பள்ளத்தில் விழுந்து, கசடை அங்கேயே விட்டுவிட்டு, வலை வழியே கிண்ணத்துக்குள் ஏறி, அங்கிருந்து வால்வுக்குள் இறங்குகிறது.

கசிவு முதலில் வாடையாகத்தான் தெரிந்தது. வண்டி நிறுத்தும் கொட்டகையில் காலையில் பெட்ரோல் வாடை வரும்; ஓட்டிவிட்டு வந்து உடனே பானெட்டைத் திறந்து பார்த்தால் எங்கும் ஈரம் இருக்காது. பெட்ரோல் போட்ட நாளில் மட்டும் பம்பின் கீழ்ப்பகுதி நனைந்திருக்கும், பாதி டேங்குக்குக் கீழே இறங்கிவிட்டால் பல நாட்கள் ஒன்றுமே இராது. இதை ஒரு பட்டறையில் காட்டியபோது, பம்பின் உடலில் உள்ள சிறு துளைகளின் அருகே ஈரம் இருப்பதைப் பார்த்து டயாஃப்ரம் (பம்பினுள் பெட்ரோலை உறிஞ்சித் தள்ளும் சவ்வு) கிழிந்துவிட்டது என்று முடிவு செய்து, டயாஃப்ரம் கிட் மாற்றிக் கொடுத்தார்கள். அந்தத் துளைகள் வழியே பெட்ரோல் சொட்டினால் டயாஃப்ரம் போய்விட்டது என்று எடுத்துக்கொள்வது பொதுவாகச் சரிதான். ஆனால் கிண்ணத்தின் விளிம்பில் கசியும் பெட்ரோலும் வார்ப்பின் பக்கவாட்டில் வழிந்து அதே இடத்துக்குத்தான் வந்து சேரும். கிட் மாற்றிய பிறகும் வாடை போகவில்லை.

ஆகவே பழுது பார்ப்பதற்கு முன், கசியும் இடத்தை ஐயமில்லாமல் கண்டுபிடிப்பது என்று தீர்மானித்தேன். எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு பேட்டரியின் எர்த் இணைப்பைக் கழற்றினேன். பக்கத்தில் 2 கிலோ உலர்பொடித் தீயணைப்பானையும் ஒரு வாளி மணலையும் வைத்துக்கொண்டேன். வெளிச்சத்துக்குப் பேட்டரியில் எரியும் எல்.இ.டி. டார்ச் மட்டுமே, கம்பி இழுத்த பல்பு விளக்கைப் பெட்ரோல் வாடை உள்ள இடத்துக்குக் கொண்டுபோகவே கூடாது, அது கையிலிருந்து விழுந்து உடைந்தால் போதும். பம்பையும் அதைச் சேர்ந்த குழாய்களையும் துணியால் துடைத்துக் காயவிட்டு, கரும்பலகைச் சுண்ணக்கட்டியை இடித்த தூளைச் சிறு தூரிகையால் எல்லா இணைப்புகளின் மீதும் மெல்லத் தடவினேன். டேங்கை நிரப்பிவிட்டு வந்து வண்டியை அப்படியே விட்டேன். வெள்ளைத் தூளில் ஈரம் ஏறிய இடம் பழுப்பாகத் தெரிந்தது. கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பில், கம்பிப் பிடிக்கு எதிர்ப்புறத்தில், சுமார் 2 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கறை. அங்கிருந்து ஒரு கோடு கீழே ஓடி, டயாஃப்ரம் துளைகளின் அருகே முடிந்தது. இரண்டாவது கறையை நான் எதிர்பார்க்கவில்லை: பம்புக்கு முன்னால் யாரோ எப்போதோ பொருத்தியிருந்த பிளாஸ்டிக் ஃபில்டரின் ஒரு முனையில், ரப்பர் ஹோஸ் சேரும் இடத்தில் அது இருந்தது.

டேங்க் நிரம்பியபோது மட்டும் கசிவதன் காரணம் அப்போதுதான் தெளிவானது. கிண்ணமும் பிளாஸ்டிக் ஃபில்டரும் பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் இருக்கின்றன. எஞ்சின் ஓடும்போது அங்கே அழுத்தம் வெளியிலிருந்து உள்நோக்கி இருப்பதால், ஓட்டை வழியே பெட்ரோல் வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். வண்டியை நிறுத்திய பிறகு, டிக்கியில் உள்ள டேங்கின் பெட்ரோல் மட்டம் பம்பைவிட உயரத்தில் இருந்தால் மட்டுமே வெளியே கசியும். ஆகையால் எஞ்சினை ஓடவிட்டுக் கசிவைத் தேடுவது இந்த வகைப் பம்பில் பயனற்றது. ஓடும்போது பார்க்க வேண்டியது கிண்ணத்துக்குள் தொடர்ந்து ஏறும் காற்றுக்குமிழ்களைத்தான். என் வண்டியில் அவை இருந்தன. மேம்பாலம் ஏறும்போது எஞ்சின் அவ்வப்போது திணறியதற்கு நான் கார்புரேட்டரைச் சந்தேகித்து வந்தேன். அதற்கும் இதுவே காரணம்.

கிண்ணத்தைக் கழற்றினேன். விரல் நட்டு விரலால் திரும்பவில்லை, முன்பு யாரோ இடுக்கியால் முறுக்கியிருந்த தழும்பு அதில் இருந்தது. கார்க் வளையம் பிஸ்கட்டைப் போலப் பொடிந்து வந்தது. அதன் இரு பக்கமும் பழைய ஷெல்லாக் பசை, பாதி கெட்டியாகவும் பாதி பிசுபிசுப்பாகவும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஷெல்லாக் என்பது அரக்கு. மரவேலை செய்பவர்கள் பாலிஷ் போடுவதற்கு அதை ஸ்பிரிட்டில்தான் கரைப்பார்கள். அந்த ஸ்பிரிட்டின் பெரும்பகுதி எத்தனால்தான் என்பதால், எத்தனால் கலந்த பெட்ரோல் படும் இடத்தில் ஷெல்லாக் நிற்காது. எத்தனால் இல்லாத பெட்ரோலில் பல பத்தாண்டுகள் நின்ற இந்த முறை, 2023-இல் இ20 அறிமுகமாகி 2025-க்குள் அதுவே வழக்கமான பெட்ரோலாகிவிட்ட நிலையில், இனி உதவாது. பழைய மெக்கானிக்குகள் சிலர் இன்றும் பரிந்துரைக்கும் சோப்புக் கட்டி, நெயில் பாலிஷ் ஆகியவற்றையும் இதே காரணத்துக்காக நான் தொடவில்லை.

கிண்ணத்துக்கு அடியில் இருந்த பள்ளத்தில் துருப்பொடியும் சேறும் படிந்திருந்தன, அவற்றின் மேல் நீர்த்துளிகளும் தெரிந்தன. வலையைப் பெட்ரோலில் நனைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்ததில் சுத்தமாகிவிட்டது, கிழிசல் இல்லை. ஷெல்லாக்கைச் சுரண்டக் கத்தி பயன்படுத்தவில்லை, வார்ப்பு மென்மையான உலோகம் ஆதலால் கோடு விழும். மரப்பாலிஷுக்கான ஸ்பிரிட்டில் நனைத்த துணியைச் சிறிது நேரம் ஒட்டி வைத்துவிட்டு, மூங்கில் குச்சியால் தள்ளியதும் அது வந்துவிட்டது.

அடுத்து இரண்டு விளிம்புகளையும் சோதித்தேன். மேசைக்கு மேல் போடும் தடித்த கண்ணாடித் துண்டின் மீது கிண்ணத்தைக் கவிழ்த்து, அடியில் இடைவெளி அளக்கும் 0.05 மி.மீ. ஃபீலர் தகட்டை நுழைத்துப் பார்த்ததில், கறை இருந்த பக்கத்தில் அது உள்ளே போனது. 400 எண் தண்ணீர் எமரித் தாளை அதே கண்ணாடியின் மேல் ஒட்டி, நீர் விட்டு, கிண்ணத்தை எட்டு வடிவில் தேய்த்து, பிறகு 800 எண்ணுக்கு மாறினேன். கண்ணாடி மெதுவாகத்தான் தேயும், பொறுமை வேண்டும். விளிம்பு முழுதும் ஒரே மங்கல் நிறமாக மாறும்போது நிறுத்தலாம். அழுத்தித் தேய்த்தால் ஓரம் பெயர்ந்துவிடும். தேய்த்து முடித்த பிறகு டார்ச்சை உள்ளேயிருந்து அடித்து, விரிசல் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். மயிரிழை விரிசல் இருந்தாலும் அந்தக் கிண்ணத்தைத் திரும்பப் போடக்கூடாது.

வார்ப்பில் கிண்ணம் அமரும் இருக்கை பள்ளத்துக்குள் இருப்பதால் அதைத் தட்டையான பலகையில் தேய்க்க முடியாது. இதற்காக ஒரு கடைசல் பட்டறையில், கிண்ணத்தின் வெளிவிட்டத்தைவிட 1 மி.மீ. சிறியதாக ஒரு மரவட்டு கடைந்து வாங்கினேன். முகம் மட்டமாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் வலியுறுத்திச் சொன்னேன். 120 ரூபாய் ஆனது. அதன் முகத்தில் 600 எண் எமரித் தாளை ஒட்டி, கையால் மெதுவாகச் சுழற்றியதில், இருக்கையில் மேடாக இருந்த இரண்டு இடங்கள் முதலில் பளபளத்தன, பிறகு வளையம் முழுவதும் ஒரே சீராக வந்தது. கம்பிப் பிடியை மிகையாக இறுக்கியதால் வார்ப்பு அந்த இரண்டு இடங்களில் தூக்கிக்கொண்டிருந்தது என்றே எண்ணுகிறேன். வேலை நடக்கும்போது வால்வுக்குப் போகும் துளையில் துணியை அடைத்து வைத்திருந்தேன். பம்பையே கழற்றி மேசையில் வைத்துச் செய்வது இன்னும் நல்லது.

வளையத்துக்கு எந்தப் பொருள் என்பதில்தான் அதிக நேரம் போனது. முதலில் சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு கேஸ்கெட் கடையில் 3 மி.மீ. கார்க் தாள் வாங்கி, வாஷர் கட்டரால் வெட்டிப் பொருத்தினேன். தாள் 60 ரூபாய்தான். சில வாரங்கள் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. பிறகு வண்டி ஓடாமல் இரண்டு வாரம் நின்றது. கிண்ணத்தில் பெட்ரோல் ஆவியாகி மட்டம் இறங்க, கார்க் காய்ந்து சுருங்கி, அடுத்து டேங்க் நிரப்பியபோது பழைய இடத்திலேயே ஈரம் தெரிந்தது. தினமும் ஓடும் வண்டிக்குக் கார்க் போதும். மாதத்துக்கு இரண்டு முறை வெளியே எடுக்கும் வண்டிக்கு அது பொருந்தாது.

இதற்குப் பிறகு ஒவ்வொரு பொருளாக வண்டியில் போட்டுப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஜாடியில் சோதிக்கத் தொடங்கினேன். மூடி இறுகப் பொருந்தும் சிறு கண்ணாடிப் புட்டிகளில் பங்க்கில் வாங்கிய பெட்ரோலை ஊற்றி, சாதாரண நைட்ரைல் ரப்பர், கார்க்கும் ரப்பரும் கலந்த தாள், விட்டான் (ஃபுளோரின் கலந்த செயற்கை ரப்பர்) ஆகிய மூன்றிலும் ஒரே அளவுத் துண்டுகளைப் போட்டு, வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்தேன். போடும்போது மூன்றும் 3.0 மி.மீ. தடிமன். சில வாரங்கள் கழித்து வெர்னியரால் அளந்தபோது நைட்ரைல் 3.4 மி.மீ. ஆகி, விரலால் கிள்ளினால் துகள் வரும் அளவுக்கு மென்மையாகியிருந்தது. கார்க் கலப்புத் தாள் அதைவிடக் குறைவாகத் தடித்திருந்தாலும், வெளியே எடுத்துக் காயவிட்டதும் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டன. விட்டான் 3.05 மி.மீ. அளவில், முன்பிருந்த அதே உறுதியோடு இருந்தது. கடைக்காரர்கள் சிலர் கறுப்பு ரப்பர் எதையும் விட்டான் என்று சொல்லி விற்பதால், வாங்கிய தாளில் ஒரு துண்டை இப்படி ஊற வைத்துப் பார்த்துவிட்டே வெட்ட வேண்டும்.

விட்டான் 150 மி.மீ. சதுரத் துண்டு ஒன்றுக்கு 650 ரூபாய் கொடுத்தேன். அதில் வெட்டிய முதல் வளையம் சரிப்படவில்லை. காரணம் பொருளில் இல்லை, அளவில் இருந்தது. பழைய கார்க்கின் அகலத்துக்கே, இருக்கையை முழுதும் நிரப்பும்படி வெட்டியிருந்தேன். கார்க் தனக்குள்ளேயே நசுங்கும். ரப்பர் அப்படி நசுங்காது, மேலிருந்து அழுத்தினால் பக்கவாட்டில் பிதுங்கித்தான் இடம் கொடுக்கும். பிதுங்க இடமில்லாத வளையத்தின் மீது விரல் நட்டு எவ்வளவு திருகியும் கிண்ணம் சீராக அமரவில்லை, இடுக்கியை எடுக்கத் தோன்றியது. அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு, அடுத்த வளையத்தை உள்ளே 0.75 மி.மீ., வெளியே 0.75 மி.மீ. என இரு புறமும் குறைத்து வெட்டினேன். அது உடனே அமர்ந்தது: கிண்ணத்தை மெல்ல வைத்து, நட்டு தொட்ட பிறகு விரலால் முக்கால் சுற்று, அவ்வளவே. கண்ணாடி வழியே பார்த்தால் வளையம் விளிம்பு முழுதும் ஒரே அகலத்தில் கறுத்துத் தெரிய வேண்டும். எங்காவது கோடு மெலிந்தால் அந்த இடம் அமரவில்லை என்று பொருள். பசை எதுவும் போடவில்லை, சுத்தமான எஞ்சின் ஆயிலை விரல் நுனியால் தொட்டுத் தடவியதோடு சரி. தாள் வாங்கும்போது கிடைப்பதில் மென்மையானதைக் கேட்டு வாங்குவது நல்லது. கம்பிப் பிடியின் அழுத்தம் குறைவு என்பதால் கடினமான தாள் இங்கே சிரமம் கொடுக்கும்.

இரண்டாவது கசிவான பிளாஸ்டிக் ஃபில்டரின் கதை எளிது. வண்டியின் இரும்புக் குழாய் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ.; ஃபில்டரின் முனைகளோ 8 மி.மீ. முன்பு பொருத்தியவர் 8 மி.மீ. ஹோஸையே இரண்டு பக்கமும் போட்டு, குழாய்ப் பக்கம் தளர்வாக இருந்ததை கிளிப்பால் நெரித்திருக்கிறார். திருகாணி கிளிப்பின் துளைகள் ரப்பரைச் சீவி, ஃபில்டர் பக்கம் ஹோஸில் வெடிப்பும் விழுந்திருந்தது. 6 மி.மீ. முனைகள் கொண்ட, கார்புரேட்டர் கார்களுக்கான ஒளி ஊடுருவும் ஃபில்டர் ஒன்றை 180 ரூபாய்க்கு வாங்கினேன். ஹோஸ் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்ற தரக்குறியீடு அச்சிடப்பட்டது, 6 மி.மீ. உள்விட்டம், இதன் உட்சுவர் விட்டான் இனத்தைச் சேர்ந்தது ஆகையால் எத்தனாலைத் தாங்கும். அரை மீட்டர் 240 ரூபாய். கிளிப்புகள் துளையில்லாத, ஓரம் மடித்த பட்டை வகை, நான்கு 160 ரூபாய். 6.35 மி.மீ. குழாயில் 6 மி.மீ. ஹோஸ் சற்று இறுக்கமாகத்தான் ஏறும், வெந்நீரில் ஹோஸின் முனையை ஒரு நிமிடம் நனைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். பிறகு உள்ளே ஈரம் இல்லாமல் துடைத்து ஊதிவிட வேண்டும். குழாயின் முனையில் இருந்த துருவை எமரித் தாளால் தேய்த்து வழவழப்பாக்கியதும் முக்கியம், துருவின் மேல் எந்த ஹோஸும் நிற்காது. ஃபில்டரை அம்புக்குறி பம்பை நோக்கி இருக்கும்படியும், வெளியேறும் முனை மேலே இருக்கும்படியும், சைலன்சர் குழாயிலிருந்து தள்ளியும் வைத்து, உடலில் ஒரு பி வடிவக் கவ்வியால் பிடித்தேன். முன்பு அது ஹோஸிலேயே தொங்கிக்கொண்டு அதிர்ந்ததும் வெடிப்புக்கு ஒரு காரணம். ஆபத்து என்று பார்த்தால் கிண்ணத்தைவிட இந்த ஹோஸ்தான் மோசமானது, அது முழுதும் கழன்றிருந்தால் டேங்கில் உள்ளது அவ்வளவும் எஞ்சினடியில் இறங்கியிருக்கும்.

பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் குழாய் அழுத்தப் பக்கம், அதை எஞ்சினை ஓடவிட்டே சோதிக்கலாம். அதன் நட்டு ஒன்று லேசாக நனைந்திருந்ததை இரண்டு ஸ்பேனர் கொண்டு, பம்பின் முனையை ஒன்றால் பிடித்து மற்றதால் கால் சுற்று இறுக்கினேன்.

பிறகு பம்பின் கைநெம்புகோலை அடித்து பெட்ரோலை மேலே ஏற்றினேன். நெம்புகோலில் எதிர்ப்பே இல்லாமல் லொடலொடவென்று ஆடினால் பம்ப் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். கேம் ஷாஃப்ட்டின் மேடு பம்பின் கையை ஏற்கெனவே தள்ளிப் பிடித்திருக்கிறது. பற்றவைப்பை அணைத்து, டாப் கியரில் போட்டு வண்டியை ஒன்றிரண்டு அடி தள்ளினால் மேடு விலகிவிடும். கிண்ணம் நிறைந்ததும் சுண்ணக்கட்டித் தூளை மறுபடியும் தடவி, டேங்கை நிரப்பி, செய்தித்தாள் விரித்தேன். காலையில் தூள் வெள்ளையாகவே இருந்தது. அதற்குப் பிறகு ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டு வரை வெயில் நேரத்தில் ஓட்டிப் பார்த்ததில், கிண்ணத்தில் குமிழ்கள் இல்லை, மேம்பாலங்களில் திணறலும் இல்லை.

மொத்தச் செலவு, கடைசல் கூலியும் வீணான கார்க்கும் சேர்த்து, 1,410 ரூபாய். இதற்கு முன் தேவையில்லாமல் மாற்றிய டயாஃப்ரம் கிட்டின் செலவு இதில் சேரவில்லை. எனினும் பழைய டயாஃப்ரமும் இ20-க்கு ஏற்றதாக இருந்திருக்காது என்பதால் அது முழு வீண் அல்ல. அடுத்த முறை செய்தால் ஜாடிச் சோதனையை முதலிலேயே முடித்துவிட்டு, விட்டான் வளையத்தைத் தொடக்கத்திலிருந்தே குறைந்த அகலத்தில் வெட்டுவேன். வாஷர் கட்டருக்குப் பதில் இரண்டு அளவுகளில் பஞ்ச் செய்துகொள்வேன், ஏனெனில் கட்டர் வெட்டிய ஓரத்தில் தொடங்கும் இடமும் முடியும் இடமும் சேரும் புள்ளியில் ஒரு சிறு படி விழுகிறது, அதை எமரித் தாளால் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஹோஸின் மீது பொருத்திய மாதமும் ஆண்டும் வெள்ளைப் பெயிண்டால் எழுதியிருக்கிறேன். வெடிப்பு தெரிகிறதோ இல்லையோ, மூன்று ஆண்டுகளில் மாற்றிவிடுவதாக முடிவு.

மீதமிருப்பது டேங்க். புதிய ஃபில்டரில் இதற்குள்ளாகவே அடியில் பழுப்புப் பொடி தெரியத் தொடங்கியிருக்கிறது; எத்தனால் பழைய படிவுகளைக் கிளப்பிவிடுவதால் இது இன்னும் சில டேங்குகளுக்குத் தொடரும். மழைக்காலத்துக்கு முன் டேங்கை இறக்கிக் கழுவ வேண்டும். அப்போது டிக்கியில் உள்ள ரிசர்வ் திறப்பின் வளையத்தையும் மாற்றிவிடுவதற்காக, எஞ்சிய விட்டான் துண்டை வெட்டாமல் எடுத்து வைத்திருக்கிறேன்.